சிம்பன்சிகளுக்கு மனிதன் சலித்துப்போகும்வரை

காட்டு விலங்கு மனிதனைக் கண்டால் ஓடும். முயல் ஓடும், மான் ஓடும், யானைகூடப் பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். மேற்கு உகாண்டாவின் கிபாலே காட்டிலோ ஐம்பது கிலோ எடையுள்ள ஓர் ஆண் சிம்பன்சி, உங்களிடமிருந்து பத்து மீட்டர் தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு காலை நீட்டிப் போட்டுச் சாவகாசமாகச் சொறிந்துகொண்டிருக்கும். சுற்றிலும் ஆறு பேர் கேமராவோடு நிற்பதை அது பொருட்படுத்தவே செய்யாது. கூண்டு இல்லை, சங்கிலி இல்லை, ஆசைகாட்ட வாழைப்பழமும் இல்லை. நினைத்தால் அடுத்த நொடியே புதருக்குள் மறைந்துவிடலாம். ஆனாலும் மறைவதில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கான பதிலை ஹாபிச்சுவேஷன் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறார்கள் விலங்கியலாளர்கள். தமிழில் பழக்கப்படுத்துதல் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சொல் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிடும். யானையைப் பழக்குகிறோம், கிளியைப் பழக்குகிறோம் என்றால், நம் சொல்லுக்குக் கட்டுப்பட வைக்கிறோம் என்று பொருள். இங்கே யாரும் யாருக்கும் கட்டுப்படுவதில்லை. மனிதனால் ஆபத்து இல்லை, லாபமும் இல்லை, வேடிக்கை பார்க்கக்கூட ஒன்றும் இல்லை என்று சிம்பன்சி தானாக முடிவுகட்டும்வரை காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். புதிதாக மாட்டிய சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக் சத்தம் முதல் நாள் இரவு தூங்கவிடாது. ஒரு மாதம் கழித்து அது காதிலேயே விழாது. உளவியலில் இதைக் கற்றலின் மிக எளிய வடிவம் என்பார்கள். நல்லதும் செய்யாத, கெட்டதும் செய்யாத ஒன்று திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தால் உயிரினம் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறது. கிபாலேயில் அந்தக் கடிகாரம் நாம்தான்.

ஆப்பிரிக்காவில் சிம்பன்சி பார்க்கப் போவதைப் பற்றிப் படிக்கும்போது எத்தனை மணி நேரம் நடக்க வேண்டும், என்ன செருப்பு போட வேண்டும், எவ்வளவு கட்டணம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அவையெல்லாம் தேவைதான், கடைசியில் நானும் சொல்கிறேன். ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் யாரோ சிலர் பல ஆண்டுகள் நடந்த நடை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் போனால், காட்டில் விதிக்கப்படும் விதிகள் எல்லாம் வெறும் கெடுபிடியாகத்தான் தோன்றும்.

முதலில் இடம். கிபாலே தேசியப் பூங்கா ஃபோர்ட் போர்ட்டல் நகரத்துக்குத் தெற்கே, சுமார் 800 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது. போகும் வழியெல்லாம் தேயிலைத் தோட்டங்கள். மேகம் விலகினால் மேற்கே ருவென்சோரி மலைத்தொடர் தெரியும். முன்பு அரசுக் காப்புக்காடாக இருந்த இது 1993இல் தேசியப் பூங்காவானது. குரங்கினத்தைச் சேர்ந்த 13 வகை உயிரினங்கள் இந்த ஒரே காட்டில் வாழ்கின்றன. சிம்பன்சிகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை மனிதனைக் கண்டால் இன்றும் ஓடுபவைதான். பழக்கப்பட்டவை சில கூட்டங்கள் மட்டுமே. பயணிகள் போவது கனியாஞ்சு என்ற இடத்தைச் சுற்றியுள்ள கூட்டத்தைப் பார்க்க. கனியவாரா, ங்கோகோ என்ற இடங்களில் உள்ளவை ஆய்வாளர்களுக்கானவை.

சிம்பன்சியைக் குரங்கு என்று சொல்வது பேச்சு வழக்கில் பெரிய குற்றமில்லை. ஆனால் அதற்கு வால் கிடையாது. கொரில்லா, ஒராங்குட்டான், போனோபோ ஆகியவற்றோடு சேர்ந்த பெரிய வாலில்லாக் குரங்கு அது. மரபணுவில் கொரில்லாவைவிட நமக்கு நெருக்கமானது. இந்த நெருக்கம் பெருமைப்படுவதற்கு மட்டுமல்ல, கவலைப்படுவதற்கும் உரியது. அதைப் பிறகு பார்ப்போம்.

கொரில்லாவைவிடக் கடினம், ஏன்?

மலைக் கொரில்லாக்களைப் பழக்கப்படுத்துவதும் ஆண்டுக்கணக்கில் பிடிக்கும் வேலைதான். ஆனால் கொரில்லாக் குடும்பம் ஒன்றாகவே திரியும். தரையில் நடக்கும், போன வழியில் செடியை மிதித்து ஒடித்துவிட்டுப் போகும். நேற்று விட்ட இடத்திலிருந்து தடம் பிடித்தால் இன்று கண்டுபிடித்துவிடலாம். நேற்று பார்த்த அதே இருபது முகங்கள்தான் இன்றும்.

சிம்பன்சிக் கூட்டம் அப்படி இல்லை. அறுபது, எழுபது, சில இடங்களில் நூறுக்கும் மேற்பட்டவை சேர்ந்தது ஒரு சமூகம். ங்கோகோ சமூகம் ஒரு காலத்தில் இருநூறு வரை வளர்ந்து, பிறகு இரண்டாக உடைந்தது. ஆனால் அந்தச் சமூகம் முழுவதும் ஓரிடத்தில் கூடியிருப்பதை நீங்கள் பார்ப்பது அரிது. காலையில் நான்கு பேர் ஒரு பக்கம் போவார்கள், தாயும் குட்டியும் தனியாக இன்னொரு பக்கம். அத்தி மரம் ஒன்று பழுத்தால் முப்பது பேர் கூடுவார்கள், பழம் தீர்ந்ததும் கலைவார்கள். யார் யாரோடு போவார்கள் என்பது மணிக்கு மணி மாறும். ஊர்த் திருவிழாவுக்குக் கூடிக் கலைகிற உறவினர்களைப் போலத்தான்.

பழக்கப்படுத்த வருகிறவனுக்கு இதனால் என்ன சிக்கல்? இன்று அவன் உட்கார்ந்து பொறுமை காட்டிய ஐந்து சிம்பன்சிகளை அடுத்து எப்போது பார்ப்பான் என்று தெரியாது. நாளைக்கு எதிரில் வருவது அவனை வாழ்க்கையில் பார்த்தே இராத வேறு ஐந்து. மேலும் அவை மரத்திலிருந்து இறங்கி, மடக்கிய கைவிரல்களை ஊன்றி ஓடத் தொடங்கினால், கொடிகளுக்கிடையே மனிதனால் பின்தொடர முடியாது.

அதனால் வேலை அந்தி நேரத்தில் தொடங்குகிறது. வயதுவந்த சிம்பன்சி ஒவ்வொன்றும் ஒவ்வோர் இரவும் மரத்தின் மேல் புதிதாக ஒரு படுக்கை கட்டிக்கொள்ளும். கிளைகளை உள்நோக்கி வளைத்து, பின்னி, மேலே இலைதழைகளை ஒடித்துப் போட்டு, சில நிமிடங்களில் முடித்துவிடும். பார்ப்பதற்குக் கூடு மாதிரி இருக்கும், ஆனால் குஞ்சு பொரிக்க அல்ல, தூங்க. தடம் பார்க்கிறவர் அந்தப் படுக்கைகள் எங்கே என்று குறித்துக்கொண்டு திரும்புவார். மறுநாள் விடியுமுன், இருட்டிலேயே, அந்த மரத்தடிக்கு வந்து நின்றுவிட வேண்டும். சிம்பன்சி எழுந்து இறங்கும்போது மனிதன் ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டும். பிறகு நாள் முழுவதும் அதன் பின்னால். மாலையில் அது அடுத்த படுக்கை கட்டும்வரை. மழையானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் இதுதான் வேலை.

பின்தொடர்வதிலும் ஒரு நயம் இருக்கிறது. சிம்பன்சி ஓடினால் துரத்தக் கூடாது. துரத்துகிறவன் வேட்டைக்காரன் என்பது அதற்குத் தெரியும். நின்றுவிட வேண்டும், அல்லது உட்கார்ந்துவிட வேண்டும். நேருக்கு நேர் உற்றுப் பார்க்கக் கூடாது. பார்வையைத் திருப்பிக்கொண்டு, செடியைக் கிள்ளுவது, உடம்பைச் சொறிவது என்று ஏதாவது செய்துகொண்டிருக்கலாம். ஒளிந்து நின்று பார்ப்பது மிகப் பெரிய தவறு. ஒளிந்திருந்தவனைத் திடீரென்று கண்டால் பல மாத உழைப்பு ஒரே நிமிடத்தில் வீணாகும். கூடுமானவரை அதே ஆட்கள், அதே நிற உடை, அதே மெதுவான நடை. அலுப்பூட்டுவதே இங்கே திறமை.

சிம்பன்சிகளின் பதிலும் படிப்படியாக மாறும். முதலில் மனிதனின் வாடை பட்டாலே சத்தமில்லாமல் இறங்கி ஓடிவிடும். சில மாதங்களில் ஓடாமல் மரத்திலேயே இருந்து அலறும், கிளையை உலுக்கும், மேலேயிருந்து சிறுநீர் கழிக்கும். இது பார்க்கப் பயமாக இருந்தாலும் முன்னேற்றம்தான், ஏனென்றால் ஓடவில்லை. அதற்கடுத்து ஆர்வம்: குட்டிகள் கிளைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். கடைசியில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லைக்குத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். இதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஆகும், சில காடுகளில் ஐந்தாண்டுக்கு மேலும் ஆகியிருக்கிறது. மனிதன் வேட்டையாடிய காடென்றால் இன்னும் தாமதமாகும்.

ஆண்கள் சீக்கிரம் பழகிவிடும். அவை பிறந்த சமூகத்திலேயே சாகும்வரை இருப்பவை. பெண்களோ பருவம் எய்தியதும் பெரும்பாலும் வேறு சமூகத்துக்குப் போய்விடுகின்றன. பழக்கப்பட்ட கூட்டத்துக்கு, மனிதனையே அறியாத காட்டுக்குள்ளிருந்து ஒரு இளம்பெண் வந்து சேரும். தடம் பார்ப்பவரைக் கண்டதும் அலறிக்கொண்டு மரமேறும். கீழே மற்றவை அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் குழம்பும். ஆக, ஒரு சமூகத்தைப் பழக்கப்படுத்தி முடித்தாயிற்று என்று யாரும் கையைத் தட்டிவிட்டுப் போக முடியாது. புது மருமகள்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

வாழைப்பழத்தின் கதை

இத்தனை பாடு எதற்கு, பழத்தைக் காட்டினால் வந்துவிடாதா என்று தோன்றலாம். கோயில் குரங்குகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது நியாயமான கேள்வி. வரும். அப்படித்தான் வந்தன.

1960 ஜூலை 14 அன்று 26 வயது ஜேன் குடால் தான்சானியாவில், தாங்கனிக்கா ஏரிக்கரையில் உள்ள கோம்பே காட்டுக்குச் சிம்பன்சிகளை ஆராயப் போய்ச் சேர்ந்தார். அப்போது அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம்கூடக் கிடையாது. முதல் சில மாதங்கள் சிம்பன்சிகள் சில நூறு மீட்டர் தொலைவிலேயே அவரைக் கண்டு ஓடின. அவர் உயரமான ஒரு பாறை மேட்டில் தினமும் ஒரே இடத்தில், எல்லோருக்கும் தெரியும்படி, தொலைநோக்கியோடு உட்கார்ந்தார். முதலில் பயம் விட்டது தாடி நரைத்த ஓர் ஆண். அதற்கு டேவிட் கிரேபியர்ட் என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு இறுதியில் அது புல் தண்டைக் கரையான் புற்றுக்குள் விட்டு, ஒட்டிக்கொண்டு வந்த கரையான்களை உதட்டால் உருவித் தின்பதைப் பார்த்தார். கருவி செய்து பயன்படுத்துவது மனிதன் மட்டுமே என்று அதுவரை பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன.

பிறகு அதே டேவிட் முகாமுக்கு வந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனது. ஒன்று வந்தால் நாலு வரும். அவற்றை அருகிலிருந்து பார்க்கும் ஆசையில் பழம் வைக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் சிம்பன்சிகள் காட்டில் இரை தேடுவதை விட்டு முகாமைச் சுற்றிச் சுற்றி வந்தன. பழத்துக்காக அடிதடி. பபூன் குரங்குகளும் வந்து சேர, அவற்றோடு தனிச் சண்டை. பெட்டிகளைத் தூரத்திலிருந்து திறந்து மூடும்படி செய்தெல்லாம் பார்த்தார்கள். பின்னர் பழத்தை வெகுவாகக் குறைத்து, 2000ஆம் ஆண்டில் அறவே நிறுத்தினார்கள். அதே தான்சானியாவின் மஹாலே மலையில் ஜப்பானிய ஆய்வாளர் தோஷிசாடா நிஷிதா 1965இல் பணியைத் தொடங்கியபோது, பழத்துக்குப் பதில் கரும்பு. அங்கும் 1987இல் நிறுத்திவிட்டார்கள்.

மறுபுறம், ஐவரி கோஸ்ட்டின் தாயி காட்டில் 1979இல் வேலையைத் தொடங்கிய ஆய்வாளர் கிறிஸ்தோஃப் போஷ் எதையும் தின்னக் கொடுக்கவில்லை. சுமார் ஐந்து ஆண்டுகள் முதுகுகளை மட்டுமே பார்த்தார். ஆனால் அங்கே சிம்பன்சிகள் கல்லையும் கட்டையையும் சுத்தியலாக்கிக் கொட்டை உடைப்பதை, தாய் உடைக்க மகள் பார்த்துக் கற்றுக்கொள்வதை, தீனியால் கலையாத இயல்பில் பதிவுசெய்ய முடிந்தது. இன்று ஆய்வுக்காக இருந்தாலும் சுற்றுலாவுக்காக இருந்தாலும் தீனி கொடுத்துப் பழக்குவதை யாரும் ஏற்பதில்லை. என்னைக் கேட்டால், இந்தத் துறை கற்றுக்கொண்ட பாடங்களிலேயே பெரியது இதுதான். தீனி கொடுத்தால் மனிதன் சலித்துப்போவதில்லை, தின்பண்டமாகிவிடுகிறான்.

கோம்பேயில் 1974 முதல் 1978 வரை ஒரு சமூகம் தன்னிலிருந்து பிரிந்துபோன சிறு கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொன்றாகக் கொன்றது. சிம்பன்சிகளிடையே போரா என்று உலகம் அதிர்ந்தது. வாழைப்பழம்தான் அவற்றைக் கெடுத்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். பல ஆண்டுகள் இந்த விவாதம் ஓடியது. 2014இல் பதினெட்டு சிம்பன்சிச் சமூகங்களின் நீண்டகாலப் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, மனிதர் குறுக்கீடு அதிகமான இடத்தில் கொலை அதிகம் என்ற தொடர்பு கிடைக்கவில்லை. அந்த வன்முறை அவற்றின் சொந்தச் சரக்கு. பழம் பல கேடுகளைச் செய்தது, ஆனால் அந்தப் பழியை அதன் தலையில் போட முடியாது.

சலித்துப்போனதால் கிடைத்தவையும் குறைவில்லை. 2023இல் ங்கோகோவிலிருந்து வந்த ஆய்வு, அங்குள்ள பெண் சிம்பன்சிகளுக்கு ஐம்பது வயதையொட்டி மாதவிடாய் நின்றுபோவதையும் அதற்குப் பிறகும் அவை ஆண்டுக்கணக்கில் வாழ்வதையும் காட்டியது. ஒரே பெண்ணை இருபது ஆண்டுகளுக்கு மேல் முகம் பார்த்து அறிந்தவர்கள் இருந்தால்தான் இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க முடியும். ஜேன் குடால் 2025 அக்டோபர் 1 அன்று 91 வயதில் காலமானார். கோம்பே ஆய்வு அவர் தொடங்கிய அன்றிலிருந்து இன்றுவரை தொடர்கிறது.

பயம் போனால் என்னென்ன போகும்

இனி விலை. மனிதனைக் கண்டு ஓடாத சிம்பன்சி, நல்ல மனிதனுக்கும் ஓடாது, கெட்ட மனிதனுக்கும் ஓடாது. அதனால் ஒரு கூட்டத்தைப் பழக்கப்படுத்துகிறவர்கள் அதைக் காலம் முழுவதும் காவல் காக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறார்கள். பணம் தீர்ந்தது, திட்டம் முடிந்தது என்று பாதியில் விட்டுவிட்டுப் போனால், அது அந்தக் கூட்டத்தை வேட்டைக்காரன் கையில் ஒப்படைப்பதாகும். உகாண்டாவில் சிம்பன்சி இறைச்சியைத் தின்னும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆனால் சிறு மான்களுக்கும் காட்டுப் பன்றிகளுக்கும் வைக்கும் சுருக்குக் கண்ணிகளில் சிம்பன்சிகள் சிக்குகின்றன. கிபாலேயிலும் புடோங்கோ காட்டிலும் விரல் இழந்தவை, மணிக்கட்டோடு கை இழந்தவை பலவற்றைப் பார்க்கலாம். ஒரு கையால் மரமேறும் தாயை நீங்கள் பார்த்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு கம்பிச் சுருக்குதான்.

ஆனால் தினமும் காட்டில் ஆள் நடமாட்டம் இருப்பதே வேட்டையைக் குறைக்கவும் செய்கிறது. தாயி காட்டில் ஆய்வாளர்கள் உள்ள பகுதியில்தான் விலங்குகள் கூடுதலாக மிஞ்சியிருந்தன. ஆகவே இந்தக் கணக்கு ஒரே பக்கம் சாய்வதில்லை.

பயம் போவதால் வேறொரு ஆபத்தும் உண்டு. 2002இல் கோம்பேயில் ஃப்ரோடோ என்ற ஆண் சிம்பன்சி ஒரு மனிதக் குழந்தையைப் பறித்துக் கொன்றது. மனிதர்களைக் கண்டு கொஞ்சமும் கூச்சப்படாத சிம்பன்சி அது. சிம்பன்சி சின்னக் குரங்குகளை வேட்டையாடித் தின்னும் விலங்கு. அதன் பலம் மனிதனைப்போல் ஐந்து மடங்கு என்று சொல்வதெல்லாம் மிகை. அளந்து பார்த்தவர்கள் உடல் எடைக்கு ஏற்பச் சுமார் ஒன்றரை மடங்கு என்கிறார்கள். அதுவே போதும். பயணிகளில் சிறு குழந்தைகளை அனுமதிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது நோய். நமக்கும் அவற்றுக்கும் உள்ள நெருக்கம் இங்கேதான் கடிக்கிறது. நம் கிருமி அதற்கும் ஏறும். 1966இல் கோம்பே சுற்றுவட்டார மக்களிடையே போலியோ பரவியபோது சிம்பன்சிகளுக்கும் வந்தது. சில இறந்தன, சில கைகால் முடங்கித் திரிந்தன. குடால் வாழைப்பழத்துக்குள் போலியோ சொட்டு மருந்தை வைத்து மிச்சமிருந்தவற்றுக்குக் கொடுத்தார். தாயி காட்டில் அடுத்தடுத்துச் சிம்பன்சிகள் மூச்சுத்திணறி இறந்ததற்கு மனிதர்களிடம் சாதாரணமாகப் பரவும் சளி வைரஸ்களே காரணம் என்று 2008இல் உறுதியானது. கிபாலேயின் கனியவாராவில் 2013இல் 56 சிம்பன்சிகள் கொண்ட சமூகத்தில் ஐந்து இறந்தன. காரணம், நம் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகவைக்கும் ரைனோவைரஸ் சி. 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும் ங்கோகோவில் இன்னொரு சுவாச வைரஸால் 25 இறந்தன. இந்த வைரஸ்களில் எதையும் காட்டுக்குள் யார் கொண்டுவந்தார் என்று விரல் நீட்ட முடியாது. ஆனால் அவை மனிதனுடையவை என்பதில் ஐயமில்லை.

பெண் சிம்பன்சி முதல் குட்டியைப் போடுவதே பதின்மூன்று, பதினான்கு வயதில்தான். அடுத்த குட்டிக்கு ஐந்தாறு ஆண்டுகள் இடைவெளி. இருபத்தைந்து உயிர்களை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் வேண்டும். உங்களுக்கு இரண்டு நாள் மூக்கடைப்பு, அவற்றுக்கு ஒரு தலைமுறை.

அந்த ஒரு மணி நேரம்

இப்போது விதிகளைப் படித்துப் பாருங்கள், எல்லாம் விளங்கும். முகக்கவசம் கட்டாயம். மஹாலேயில் கொரோனாவுக்கு வெகு முன்பே இது வந்துவிட்டது. முன்பு எட்டு மீட்டராக இருந்த இடைவெளி இப்போது பத்து மீட்டர். ஒரு வழிகாட்டியோடு ஆறு பேர் வரைதான். சிம்பன்சிகளைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்தான். அவற்றின் அருகில் எதையும் தின்னக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது. காட்டில் மலம் கழிக்க நேர்ந்தால் ஆழமாகக் குழி தோண்டி மூட வேண்டும். சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் போகக் கூடாது. ஆயிரக்கணக்கில் செலவழித்து, கடல் கடந்து வந்தவனுக்கு இந்தக் கடைசி விதியைக் கடைப்பிடிப்பதுதான் கடினம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமாமல் வரிசையில் நிற்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை.

கனியாஞ்சுவில் காலை எட்டு மணிக்கு முன் பதிவு, சிறு விளக்கவுரை, பிறகு நடை. வழிகாட்டி கையில் துப்பாக்கி இருக்கும். அது சிம்பன்சிக்காக அல்ல, காட்டில் யானைகள் உண்டு, வானத்தை நோக்கிச் சுட்டு விரட்ட. தடம் பார்ப்பவர்கள் விடியுமுன்னரே முன்னால் போயிருப்பார்கள். சில நாள் இருபது நிமிடத்தில் பார்த்துவிடலாம், சில நாள் மூன்று மணி நேரம் சேற்றில் நடக்க வேண்டும். எந்த மரம் பழுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பார்க்கும் வாய்ப்பு மிக அதிகம் என்றாலும் யாரும் உறுதி சொல்வதில்லை.

பெரும்பாலும் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் வரும். மெல்ல ஊ ஊ என்று தொடங்கி, மூச்சு வேகமேறி, உச்சத்தில் அலறலாக வெடித்து அடங்கும் ஒரு கூவல். எங்கோ ஒருவன் கூவ, எதிர்த் திசையிலிருந்து இன்னொரு கூட்டம் பதில் கொடுக்கும். கூடவே, பெருமரங்களின் பலகைபோல் விரிந்த வேர்களில் கையாலும் காலாலும் அறையும் பறையொலி. கூட்டமாக இல்லாமல் சிதறித் திரியும் இனத்துக்கு இந்தச் சத்தம்தான் தந்தி. யாருடைய குரல் என்பதும் அவற்றுக்குத் தெரியும்.

மரத்தில் இருந்தால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள், காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. தரையில் இருந்தால் யாருக்கு யார் பேன் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். அதில்தான் அவர்களின் அரசியல் முழுவதும் இருக்கிறது. ஓர் ஆணின் உரோமம் சிலிர்த்து உருவம் இரட்டிப்பாகத் தெரிந்தால், அது ஆர்ப்பாட்டம் செய்யப்போகிறது. கிளையை இழுத்துக்கொண்டு ஓடும், உங்கள் பக்கமும் வரலாம். ஓடாதீர்கள். வழிகாட்டிக்கு அருகில் அசையாமல் நின்றால் கடந்து போய்விடும், அது யாருக்காகவோ ஆடும் கூத்து, உங்களுக்காக இல்லை. பல்லெல்லாம் தெரிய இளிக்கும் சிம்பன்சியைப் பார்த்தால் சிரிக்கிறது என்று நினைக்க வேண்டாம். அது பெரும்பாலும் அச்சத்தின் முகம். சர்க்கஸ் படங்களிலும் விளம்பரங்களிலும் சிரித்த சிம்பன்சிகள் எல்லாம் என்ன உணர்ந்திருக்கும் என்று அப்போது நினைத்துப் பார்ப்பீர்கள்.

ஒரு மணி நேரம் போதாது என்கிறவர்களுக்கு, கிபாலேயிலேயே, பழக்கப்படுத்தும் குழுவோடு நாள் முழுவதும் கூடப் போகும் ஏற்பாடும் இருக்கிறது. படுக்கையிலிருந்து படுக்கைவரை. உடம்பில் தெம்பு இருந்தால் இதைத்தான் நான் சொல்வேன். இதுவரை வாசித்த அந்த அலுப்பூட்டும் வேலை எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரியும். சில மணி நேரம் ஒன்றுமே நடக்காது, ஒரு சிம்பன்சி தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சாதாரண ஒரு மணி நேர அனுமதிக்கு, 2024 ஜூலை முதல் வெளிநாட்டவரிடம் 250 டாலர் வாங்குகிறது உகாண்டா வனவிலங்கு ஆணையம். கொரில்லாவுக்கு 800 டாலர் என்பதோடு ஒப்பிட்டால் குறைவு, நம் பையைப் பார்த்தால் அதிகம். பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் சுற்றுவட்டார மக்களுக்குப் போகிறது. யானை சோளத்தை மிதித்துவிட்டுப் போகும் கிராமத்தார், காடு இருக்கட்டும் என்று சொல்வதற்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டுமல்லவா? இது போதுமா என்பது அவர்கள் சொல்ல வேண்டியது. ருவாண்டாவின் நியுங்வே, தான்சானியாவின் கோம்பே, மஹாலே ஆகிய காடுகளிலும் பழக்கப்பட்ட சிம்பன்சிகளைப் பார்க்கலாம். மஹாலேக்குச் சாலையே கிடையாது, ஏரியில் படகில் போக வேண்டும்.

மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் கிபாலேயில் மழை கூடுதல். முழுக்கைச் சட்டை, நல்ல பிடிப்புள்ள பூட்ஸ், மழைக்கோட்டு. கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், படையாகப் போகும் கடியெறும்புகள் காலில் ஏறினால் சிம்பன்சியை மறந்துவிடுவீர்கள். கேமராவில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் உகாண்டாவுக்குள் போக முடியாது. அது இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் இங்கும் தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட வேண்டும். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே சளிக் காய்ச்சலுக்கான தடுப்பூசியையும் போட்டுக்கொள்ளுங்கள். அதை எந்த அதிகாரியும் கேட்க மாட்டார், அது உங்களுக்காகவும் அல்ல.